கட்சி மாநாட்டால் அமெரிக்க அதிபர் வேட்பாளருக்கு உண்மையில் என்ன லாபம்?

வடுவூர் வாசகி (கேள்வி)

எங்கள் ஊருக்குத் துளசேந்திரபுரம் ஒன்றும் தூரமில்லை. கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊர் அது. அதனால் 2024 ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது எங்கள் பக்கத்தில் டீக்கடை வரைக்கும் அதே பேச்சு. கடைசி நாள் உரையை நானும் காலைச் சமையலை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு முழுதாகக் கேட்டேன். தன் அம்மா சியாமளா 19 வயதில் தனியாக இந்தியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போன கதையைச் சொன்னார். அரங்கம் அதிர்ந்தது, பலூன் மழை கொட்டியது, எங்கள் தெருவில் நாலு பேர் அவர் ஜெயித்துவிட்டதாகவே முடிவு கட்டிவிட்டார்கள். நவம்பரில் என்ன நடந்தது என்பது தெரியும்: தேர்வாளர் வாக்குகளில் டிரம்ப் 312, ஹாரிஸ் 226.

என் மகள் இளங்கலை அரசியல் அறிவியல் படிக்கிறாள். இதையே கருத்தரங்கக் கட்டுரைக்கு எடுத்திருக்கிறாள். அவளுக்காகவும் எனக்காகவும் கேட்கிறேன். நான்கு நாள் திருவிழா, கோடிக்கணக்கில் டாலர் செலவு. இதனால் ஒரு வாக்காவது கூடுகிறதா? "மாநாட்டுக்குப் பிறகு வேட்பாளருக்கு இத்தனை புள்ளி ஏற்றம்" என்று செய்திகளில் போடுகிறார்களே, அந்த ஏற்றம் நவம்பர் வரை நிற்குமா?

எண்கணக்கு

அம்மா, அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கானல் நீர்.

கருத்துக்கணிப்பு என்பது தொலைபேசியை எடுத்துப் பேசச் சம்மதிப்பவர்களின் கணக்கு. தன் கட்சி மாநாடு நடந்து நாலு நாள் தொலைக்காட்சி முழுக்கத் தன் ஆட்களே தெரியும் வாரத்தில், அந்தக் கட்சிக்காரர் உற்சாகமாகப் பதில் சொல்வார். எதிர்க்கட்சிக்காரர் எரிச்சலில் தொலைபேசியை வைத்துவிடுவார். யாரும் மனம் மாறியிருக்க மாட்டார்கள், கணிப்பில் மட்டும் எண் ஏறும். ஆண்ட்ரூ கெல்மன் உள்ளிட்ட புள்ளியியல் ஆய்வாளர்கள் 2012 தேர்தலின்போது எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாக ஒரு பெரிய குழுவிடம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார்கள். முதல் விவாதத்துக்குப் பிறகு ஒபாமா சரிந்ததாகச் செய்தி வந்ததே, அந்தச் சரிவில் பெரும்பங்கு பதில் சொல்ல முன்வந்தவர்களின் கலவை மாறியதால் வந்தது என்று கண்டார்கள். மாநாட்டு ஏற்றத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும்.

ஆகவே உங்கள் மகள் "லாபம் ஏறக்குறைய இல்லை" என்று எழுதலாம்.

மாலைப்பதிப்பு

எண்கணக்குத் தம்பி சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியோடு எனக்கு வழக்கு உண்டு.

நான் ஒரு மாலை நாளிதழில் வெளிநாட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவன். அமெரிக்க மாநாட்டுப் பேச்சு எங்களுக்கென்றே அமைந்த செய்தி. அங்கே கிழக்குக் கரையில் இரவு 10 மணிக்கு வேட்பாளர் மேடையேறினால் இங்கே காலை 7.30. காலைப் பத்திரிகைகள் அச்சாகி வீடுவீடாக விழுந்து முடிந்திருக்கும். நாங்கள் டெலிபிரிண்டரில் வருவதை முழம் முழமாகக் கிழித்து, மொழிபெயர்த்து, முற்பகலுக்குள் பக்கத்தை முடித்துவிடுவோம். கூடவே ஒரு வேடிக்கையும் பார்ப்பேன். மாநாடு முடிந்து அடுத்த வாரம் வரும் கருத்துக்கணிப்பை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடச் சொல்லும் செய்தி ஆசிரியர், நவம்பரில் அதை யாராவது நினைவுபடுத்தினால் பேச்சை மாற்றிவிடுவார்.

1988ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் அட்லாண்டாவில் ஜனநாயகக் கட்சி மாநாடு முடிந்ததும் அதன் வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸ் 17 புள்ளி முன்னிலை. 55க்கு 38 என்று காலப் (Gallup) என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் சொன்னது. ஆகஸ்ட் நடுவில் நியூ ஆர்லியன்ஸில் குடியரசுக் கட்சி கூடியது. மூத்த புஷ் "என் உதடுகளைப் பாருங்கள், புதிய வரி கிடையாது" என்று முழங்கினார். முன்னிலை கைமாறியது. நவம்பரில் புஷ்ஷுக்கு 40 மாநிலங்கள். 17 புள்ளி எங்கே போயிற்று என்று கேட்க ஆளில்லை. (அந்த வரி வாக்குறுதி பின்னால் அவரையே கடித்தது. 1990இல் வரியை உயர்த்த உடன்பட்டார், 1992 முழுக்க அந்தக் காணொளியை எதிரிகள் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். மாநாட்டில் அடித்துச் சொல்லும் வாக்கியம் லேசில் மறக்கப்படாது.)

இதை மட்டும் பார்த்தால் தம்பி பக்கம்தான் நியாயம். ஆனால் நான்கே ஆண்டு கழித்து, அதே ஜனநாயகக் கட்சி, அதே ஜூலை மாதம். இம்முறை நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன். பில் கிளின்டன் ஜூனில் மூன்றாம் இடத்தில் கிடந்தவர். சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ முதலிடம், புஷ் இரண்டாமிடம். மாநாட்டின் கடைசி நாள், ஜூலை 16, கிளின்டன் ஏற்புரை நிகழ்த்த வேண்டிய அதே நாளில், பெரோ போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டார். காலப் கணக்கில் கிளின்டனுக்கு 16 புள்ளி ஏற்றம், அவர்கள் பதிவு செய்தவற்றிலேயே பெரியது. அக்டோபரில் பெரோ திரும்பி வந்து ஏறக்குறைய 19 சதவீத வாக்குகளை அள்ளினார். அப்படியும் கிளின்டன் ஜூலையில் பிடித்த முதலிடத்தை விடவே இல்லை.

ஒருவருக்குப் பனியாகக் கரைந்தது, இன்னொருவருக்கு நின்றது. கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள் என்ற கணக்கு ஒன்றை வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. என் கணக்கு இதுதான்: மாநாடு எதிராளி வீட்டு ஆளை இழுத்து வராது, சொந்த வீட்டில் கோபித்துக்கொண்டு போனவனைத் திரும்பக் கூட்டிவரும். கல்யாண வீட்டில் முறுக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாய்மாமனைச் சமாதானப்படுத்திப் பந்தியில் உட்கார வைப்பது போன்ற வேலை. திண்ணையில் நிறையப் பேர் இருந்தால் பந்தி சட்டென்று நிறையும். எல்லோரும் முன்பே உள்ளே வந்துவிட்டால் கூப்பிட யார் இருக்கிறார்கள்? 1992இல் கிளின்டன் மேல் சந்தேகத்தில் இருந்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஏராளம். ஒதுங்குவதற்குப் பெரோ என்று ஒரு நிழலும் இருந்தது. அந்த நிழல் மறைந்த இரவிலேயே இவர் மேடையில் நின்றார். திரும்பி வந்தவர்கள் தங்கிவிட்டார்கள்.

2004இல் ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரிக்குக் காலப் கணக்கில் ஏற்றமே இல்லை, ஒரு புள்ளி இறக்கம். 2012இல் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னிக்கும் அப்படியே. இருவரும் மோசமாகப் பேசிவிடவில்லை. அமெரிக்காவில் இரண்டு கட்சிக்காரர்களும் ஜூலைக்கு வெகு முன்பே தத்தம் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் காலம் வந்துவிட்டது.

தம்பி எண்ணில் பேசுவதால் எண்காரர்கள் பேரையே சொல்கிறேன். ராபர்ட் எரிக்சன், கிறிஸ்டோபர் வ்லேசியன் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் 1952 முதலான தேர்தல்களின் கணிப்புகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். மாநாட்டுக் காலத்தில் நடக்கும் நகர்வில் ஒரு பகுதி கரைந்தாலும் இன்னொரு பகுதி தேர்தல் நாள் வரை தங்குகிறது என்பது அவர்கள் கண்டது. மாநாடுகளுக்கு முந்தைய கணிப்பைவிடப் பிந்தைய கணிப்பை நம்பலாம் என்பதும் அதிலிருந்து வருகிறது.

அடுத்தது கெடுதல். லாபத்தைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். நான் பார்த்த வரையில் மாநாடு கொடுப்பதைவிடக் கெடுப்பது எளிது.

1968இல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டை எல்லோரும் சொல்வார்கள். வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களை மிச்சிகன் அவென்யூவில் போலீஸ் அடித்து நொறுக்கியது, உள்ளே ஹியூபர்ட் ஹம்ப்ரி வேட்பாளரானது, இரண்டையும் தொலைக்காட்சி மாற்றி மாற்றிக் காட்டியது. ஹம்ப்ரி ஒரு பிரைமரியில்கூட (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாக நடக்கும் வாக்கெடுப்பு) நிற்காமலே வேட்பாளராகியிருந்தார் என்பது எரிகிற நெருப்பில் எண்ணெய். அப்படிப்பட்ட அடிக்குப் பிறகும் செப்டம்பர் 30 அன்று சால்ட் லேக் சிட்டியில் குண்டுவீச்சை நிறுத்தத் தயார் என்று பேசி எழுந்துவிட்டார். நிக்சனிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில்தான் தோற்றார்.

அதே கட்சியின் 1972 மயாமி பீச் மாநாடு அதைவிட எனக்குப் பிடித்த உதாரணம், ஏனென்றால் அங்கே யாரும் அடிக்கவில்லை; தங்களுக்குத் தாங்களே செய்துகொண்டார்கள். 1968 கலவரத்துக்குப் பிறகு விதிகளை மாற்றியதால் பிரதிநிதிகளில் ஏராளமானோர் புதியவர்கள். எதையும் வாக்கெடுப்புக்கு விடாமல் நகர மாட்டார்கள். துணை அதிபர் வேட்பாளராகத் தாமஸ் ஈகிள்டனை அவசர அவசரமாகப் பிடித்துப் போட்டார்கள். முறைப்படி அவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் பிரதிநிதிகள் விளையாட்டாக ஆளாளுக்கு ஒரு பெயரை முன்மொழிந்தார்கள். மா சே துங் பெயர் வந்தது, தொலைக்காட்சி நாடகக் கதாபாத்திரம் ஒன்றின் பெயர்கூட வந்தது. ஒவ்வொன்றையும் எண்ணி முடித்து ஜார்ஜ் மெக்கவர்ன் ஏற்புரைக்கு எழுந்தபோது விடியற்காலை மூன்று மணியை நெருங்கிவிட்டது. அவர் வாழ்நாளின் நல்ல பேச்சுகளில் ஒன்று அது. அமெரிக்கா கொட்டாவி விட்டுப் படுத்துவிட்ட நேரம். நம் ஊரில் மதியம் 12 மணி, சாவகாசமாகக் கேட்கலாம், ஆனால் நமக்கு வாக்கு இல்லை. மூன்று வாரம் ஆகுமுன் ஈகிள்டன் மனச்சோர்வுக்கு மின்னதிர்வுச் சிகிச்சை பெற்றிருந்தது வெளியாகி விலக நேர்ந்தது. நவம்பரில் மெக்கவர்னுக்குக் கிடைத்தது மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும்.

இன்னொரு விஷயம், இதைப் பத்திரிகைகளில் அதிகம் எழுத மாட்டார்கள்: தேதி. 2004இல் இரண்டு பேரும் பொதுத் தேர்தலுக்கு அரசுப் பணத்தை ஏற்றுக்கொண்டார்கள், ஆளுக்குச் சுமார் 7.5 கோடி டாலர். அதை வாங்கினால் வேறு நன்கொடையைப் பிரசாரத்துக்குத் தொட முடியாது. முறைப்படி வேட்பாளரான நாளிலிருந்து அந்தக் கட்டுப்பாடு தொடங்கும். கெர்ரி ஜூலை 29 அன்று பாஸ்டனில் ஏற்றார். இளைய புஷ் செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கில் ஏற்றார். ஒரே அளவு பணத்தைக் கெர்ரி ஐந்து வாரம் கூடுதலாக நீட்டியாக வேண்டும். ஆகஸ்டில் அவருடைய வியட்நாம் போர்ச் சேவையைக் கேவலப்படுத்தி விளம்பரங்கள் வந்தபோது, எதிர் விளம்பரத்துக்குக் காசை எடுக்கக் கை நடுங்கியது. வேட்பாளர் பதவியை மாநாட்டில் ஏற்காமல் தள்ளிப்போடலாமா என்றுகூட அதற்கு முன்பே யோசித்தார்கள்!

2012இல் ராம்னிக்கு இதன் மறுபக்கம். பொதுத் தேர்தலுக்கென்று திரட்டிய பணம் பெட்டியில் இருக்கிறது. மாநாடு ஆகஸ்ட் கடைசியில் இருப்பதால் அதுவரை எடுக்க முடியாது. 2 கோடி டாலர் கடன் வாங்கிக் காலம் தள்ளினார். அடுத்த முறை குடியரசுக் கட்சி மாநாட்டை ஜூலைக்கு நகர்த்தியதற்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம். பேச்சு எவ்வளவு புள்ளி தந்தது என்று ஆராய்பவர்கள் நாட்காட்டியையும் கொஞ்சம் பார்க்கலாம்.

வடுவூர் அம்மா கேட்ட 2024க்கு வருகிறேன். ஜூலை 21 அன்று பைடன் விலகினார். அந்த வாரமே திண்ணையில் இருந்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மொத்தமாக உள்ளே வந்துவிட்டார்கள். ஹாரிஸின் ஏற்றம் ஜூலைக் கடைசியிலேயே நடந்து முடிந்த காரியம். அதிகாரபூர்வத் தேர்வுகூட ஆகஸ்ட் முதல் வாரத்தில் இணையவழி வாக்கெடுப்பில் முடிந்துவிட்டது. சிகாகோவில் கூப்பிட்டு உட்கார வைக்க ஆள் மிச்சமில்லை. பேச்சு முடிந்த மறுநாளே சுயேச்சை வேட்பாளர் ராபர்ட் கென்னடி ஜூனியர் பிரசாரத்தை நிறுத்திக்கொண்டு டிரம்ப் பக்கம் சாய, செய்தியும் கைமாறியது. நீங்கள் கேட்ட உரையில் குறையில்லை, அம்மா.

ஏரிக்கரைக்காரன்

மாலைப்பதிப்பு ஐயாவின் திண்ணைக் கணக்குக்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. நான் இருப்பது மில்வாக்கி புறநகரில்.

2024 ஜூலையில் குடியரசுக் கட்சி மாநாடு இங்கே நடந்தது. நகர மையத்தைச் சுற்றி இரும்பு வேலி, எந்தத் தெரு திறந்திருக்கிறது என்று தினம் காலையில் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். எனக்குத் தெரிந்த உணவகக்காரர் ஒருவர் கூட்டம் அலைமோதும் என்று ஆள் கூட்டி, சரக்கு வாங்கிக் குவித்து வைத்திருந்தார். வந்தவர்கள் வேலிக்கு உள்ளேயே சாப்பிட்டுக்கொண்டார்கள். வழக்கமாக வருபவர்கள் நெரிசலுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மனிதர் இன்னமும் புலம்புகிறார்.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி, பரம்பரைக் குடியரசுக் கட்சிக்காரர். ஏப்ரலில் நடந்த விஸ்கான்சின் பிரைமரியில், கட்சிக்குள் டிரம்ப்பை எதிர்த்துப் போட்டியிட்ட நிக்கி ஹேலிக்கு வாக்களித்தார். ஹேலி அதற்கு முன்பே, மார்ச்சிலேயே விலகிவிட்டார் என்பது தெரிந்தே போட்ட வாக்கு. "எனக்கு இந்த ஆளைப் பிடிக்கவில்லை என்று எங்கேயாவது பதிவாகட்டும்" என்றார். அவரைப் போல மாநிலத்தில் சுமார் 13 சதவீதம் பேர், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். மாநாட்டின் இரண்டாம் நாள் இரவு ஹேலியே மேடையேறி, டிரம்ப்புக்குத் தன் முழு ஆதரவு என்றார். மறுநாள் குப்பைத்தொட்டியை வெளியே தள்ளும்போது, "அவளே சொல்லிவிட்டாள், இனி நான் மட்டும் முறைத்துக்கொண்டு நின்று என்ன ஆகப்போகிறது?" என்றார். செப்டம்பரில் அவர் வீட்டுப் புல்தரையில் டிரம்ப் பலகை முளைத்தது.

விஸ்கான்சினில் டிரம்ப் ஜெயித்த வித்தியாசம் 29,000 சொச்சம் வாக்குகள்.

எண்கணக்கு

சாட்சி நன்றாக இருக்கிறது அண்ணா, ஆனால் குறுக்கு விசாரணைக்கு இடம் இருக்கிறது. மில்வாக்கி மாநாடு தொடங்கியது ஜூலை 15. அதற்கு இரண்டு நாள் முன்பு பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஹேலிக்கு மேடை கிடைத்ததே அதற்குப் பிறகுதான். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைத் திருப்பியது ஹேலியின் பேச்சா, காதில் கட்டோடு மாநாட்டுக்கு வந்த டிரம்ப்பா, பெட்ரோல் விலையா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? மாநாடு முடிந்த மூன்றாம் நாள் பைடனும் விலகிவிட்டதால் அந்த ஏற்றத்தை அளக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

மாலைப்பதிப்பு ஐயா, 1992க்கும் இதையே சொல்வேன். பெரோ விலகல் பாதி, மேடை பாதி. மாநாட்டுக்கு மட்டும் 16 புள்ளியையும் எழுதிவைப்பது நியாயமில்லை.

மாலைப்பதிப்பு

பாதி என்கிறீர்களே தம்பி, முதலில் "ஏறக்குறைய இல்லை" என்றீர்கள். இந்த வேகத்தில் போனால் நாளை மாலைக்குள் என் பக்கம் வந்துவிடுவீர்கள்.

பெரோ விலகியதால் வீதிக்கு வந்த வாக்காளர் புஷ்ஷிடமும் போயிருக்கலாம். அந்த இரவு கதவைத் திறந்து வைத்திருந்தவர் கிளின்டன். அடுத்த மாதம் ஹூஸ்டனில் குடியரசுக் கட்சி திறந்த கதவு எப்படிப்பட்டது? பிரைமரிகளில் புஷ்ஷை எதிர்த்து நின்ற பாட் புக்கானன் மேடையேறி நாட்டின் ஆன்மாவுக்கான பண்பாட்டுப் போர் நடக்கிறது என்று முழங்கினார். நடுவில் நின்றவர்களில் பலர் அதைக் கேட்டு ஓரடி பின்வாங்கினார்கள்.

வடுவூர் வாசகி

எல்லோருக்கும் நன்றி. மகள் உங்கள் சண்டையை அப்படியே குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு துணைக் கேள்வி: இழுபறி மாநிலத்தில் மாநாடு நடத்தினால் அந்த மாநிலம் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?

மாலைப்பதிப்பு

அதை நம்பி நகரங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது உண்மை. பலன் அப்படி இல்லை. 2000இல் குடியரசுக் கட்சி பிலடெல்பியாவில் கூடியது, பென்சில்வேனியா போயிற்று. 2008இல் அதே கட்சி செயின்ட் பாலில் கூடியது, மினசோட்டா போயிற்று. 2012இல் டாம்பாவில் கூடி புளோரிடாவைத் தோற்றது. அதே ஆண்டு ஜனநாயகக் கட்சி சார்லட்டில் கூடி வட கரோலினாவைத் தோற்றது. 2016இல் ஜனநாயகக் கட்சி பிலடெல்பியாவுக்குப் போய் அந்த மாநிலத்தை இழந்தது.

எதிர் உதாரணங்களும் உண்டு: 2016 கிளீவ்லாந்து, 2024 மில்வாக்கி, 2008 டென்வர். டென்வரை மட்டும் தனியாகக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒபாமா கடைசி நாள் பேச்சைக் கால்பந்து அரங்கத்துக்கு மாற்றி, எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கூட்டினார். வந்தவர்களின் கைபேசி எண்ணைக் குறுஞ்செய்தி வழியாகப் பிரசார அலுவலகம் வாங்கிக்கொண்டது. பேச்சுக்காகக் காத்திருந்த நேரத்தில் அங்கிருந்தபடியே வாக்காளர்களைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னார்கள். கொலராடோ கிடைத்தது அதனால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், தம்பி உடனே வந்துவிடுவார். அந்த ஆண்டு ஒபாமாவுக்குக் காற்றும் சாதகம். ஆனாலும் மாநாட்டுக்கு வந்தவனிடம் அங்கேயே வேலை வாங்கியது நல்ல யோசனை.

மகளிடம் 1988ஐயும் 1992ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதச் சொல்லுங்கள், கட்டுரை தானாக அமையும். பேச்சுகளின் காணொளிகள் இணையத்தில் கிடைக்கின்றன. 1988இல் டுகாகிஸை முன்மொழிந்து பேசியவர் யார் தெரியுமா? ஆர்கன்சா ஆளுநராக இருந்த கிளின்டன். அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தார், அரங்கமே நெளிந்தது. "முடிவாக" என்று அவர் சொன்னதும் கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்தது. அதைத் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள்.